பாசறையில் ஒரு தேர்தல்: 1864இல் அமெரிக்கப் படைவீரர் அளித்த வாக்கும் அதன் பொருளும்

1864ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. உள்நாட்டுப் போர் அப்போது நான்காம் ஆண்டை எட்டியிருந்தது. தென் மாநிலங்கள் பிரிந்து நின்றன. வட மாநிலங்களின் குடிமக்கள் இலட்சக்கணக்கில் வீட்டையும் தொழிலையும் விட்டுப் பாசறைகளில் இருந்தனர். அவர்களும் அத்தேர்தலில் வாக்களித்தனர். தனியாக எண்ணிப் பதிவு செய்யப்பட்ட படைவீரர் வாக்குகள் ஏறத்தாழ 1,54,000. அவற்றுள் ஆபிரகாம் லிங்கனுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 1,20,000. அவரை எதிர்த்து நின்ற ஜார்ஜ் மெக்ளெல்லனுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 34,000. நாடு முழுவதையும் சேர்த்து எண்ணும்போது நூற்றுக்கு 55 வாக்குகளைப் பெற்ற லிங்கன், படைவீரரிடையே நூற்றுக்கு 78 வாக்குகளைப் பெற்றார்.

இந்த எண் நெடுங்காலமாக ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டு வந்துள்ளது. அடிமைகளின் விடுதலையைப் போரின் நோக்கமாக லிங்கன் அறிவித்தார். அந்நோக்கத்துக்காக உயிர் கொடுக்க வேண்டியவர்களே அதனை ஏற்று அவருக்கு வாக்களித்தனர். ஆகவே வடபகுதிப் படை உள்ளத்தால் ஒன்றுபட்டு நின்றது என்பது அச்சாட்சியின் சாரம். வர்ஜீனியாவிலுள்ள கிறிஸ்டபர் நியூபோர்ட் பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் ஜோனதன் ஒயிட், 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இச்சாட்சியை மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். வாக்களித்தோர் எத்தனை பேர் என்பதோடு அவர் நிற்கவில்லை. வாக்களியாதோர் யார், அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்றும் கேட்டார். அவர் எழுப்பிய வினா, ஒரு நாட்டின் ஒரு தேர்தலோடு முடிந்துவிடுவதன்று. மக்கள் வெளிப்படையாகத் தரும் ஒப்புதலைக் கொண்டு அவர்தம் உள்ளத்தை மதிப்பிடும் பணியில் இருக்கும் அனைவரும் அதனைக் கருத்தூன்றி நோக்குதல் நன்று.

1. படைவீரனும் குடிமகனும்

நிலையான படையைக் குறித்த அச்சம் அமெரிக்கருக்குத் தொடக்கமுதலே உண்டு. 1776ஆம் ஆண்டுச் சுதந்திர அறிக்கை இங்கிலாந்து மன்னர்மேல் சுமத்திய குற்றங்களுள், படையைக் குடிமை ஆட்சிக்கு மேலாக உயர்த்தினார் என்பதும் ஒன்று. 1783 மார்ச்சில், நியூபர்க் என்னுமிடத்தில், சம்பளம் பெறாத படை அதிகாரிகள் காங்கிரசை மிரட்டிப் பணியவைக்க எண்ணியபோது, வாஷிங்டன் தாமே அவர்கள் முன் சென்று பேசி அம்முயற்சியை அடக்கினார். வாளேந்தியவன் ஆட்சிக்குக் கட்டளையிடலாகாது என்பது இவ்வாறு அக்குடியரசின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாயிற்று.

ஆயினும் 1861இல் எழுந்த படை வேறு வகையானது. போருக்கு முன்னர் ஏறத்தாழ 16,000 பேரே நிலையான படையில் இருந்தனர். போர் முடிவதற்குள் வடபகுதிக்காகச் சீருடை அணிந்தோர் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாமாக முன்வந்த உழவரும், தொழிலாளரும், கடைக்காரரும், மாணவரும் ஆவர். பல படைப்பிரிவுகளில் வீரர்களே தம் அதிகாரிகளை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். ஊரில் வாக்குரிமை பெற்றிருந்த ஒருவன், நாட்டுக்காக ஊரைவிட்டுச் சென்ற காரணத்தால் அவ்வுரிமையை இழப்பது முறையா என்னும் வினா இங்குதான் பிறந்தது.

விடை எளிதாக இல்லை. வாக்காளன் தன் தொகுதியில் நேரில் வந்து வாக்களிக்க வேண்டும் என்பதே அக்காலத்துப் பொதுமுறை. பென்சில்வேனிய மாநிலத்தில், படைவீரர் பாசறையில் அளித்த வாக்குகள் செல்லா என்று மாநில உச்ச நீதிமன்றம் 1862இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் உட்வர்ட், மறு ஆண்டு ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். 1864 ஆகஸ்டில் அம்மாநில மக்கள் தம் அரசியலமைப்பையே திருத்திப் படைவீரருக்கு அவ்வுரிமையை வழங்கினர். அவ்வாண்டுத் தேர்தலின்போது 19 மாநிலங்கள் இவ்வகைச் சட்டங்களைக் கொண்டிருந்தன. ஜனநாயகக் கட்சியார் சட்டமன்றத்தில் வலுப்பெற்றிருந்த இல்லினாய், இண்டியானா, நியூஜெர்சி மாநிலங்கள் அவ்வுரிமையை வழங்கவில்லை. வாக்குரிமை பற்றிய வாதத்தில் நீதியும் கட்சி ஆதாயமும் இவ்வாறு பிரிக்கவொண்ணாதபடி கலந்திருந்தன.

2. கடிதங்கள் தரும் சாட்சி

படைவீரரின் உள்ளத்தை அறிய முயன்ற முதல் வரலாற்றாசிரியர் ஒயிட் அல்லர். 1943இலும் 1952இலும் தென்பகுதி, வடபகுதி வீரர்களின் அன்றாட வாழ்வைப் பற்றி இரு நூல்களை எழுதிய பெல் வைலி, கொள்கைகளில் அவர்களுக்கு அக்கறை குறைவே என்று கருதினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்பெர்சன் இக்கருத்தை மறுத்தார். 25,000க்கும் மேற்பட்ட கடிதங்களையும் ஏறத்தாழ 250 நாட்குறிப்புகளையும் படித்து, 1,076 வீரர்களைத் தம் ஆய்வுக்கு உட்படுத்தி, 1997இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு மைல்கல். அவ்வீரர்களுள் 647 பேர் வடபகுதியினர். 429 பேர் தென்பகுதியினர்.

இக்கடிதங்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வடபகுதியின் வெள்ளை வீரருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறிந்தவர். அவர்கள் எழுதிய கடிதங்களை அதிகாரிகள் தணிக்கை செய்யவில்லை. செய்தித்தாள்கள் பாசறைக்கு வந்தன. குளிர்காலத்தில் போர் ஓய்ந்திருந்தபோது வீரர்கள் வாதச் சங்கங்களை அமைத்து நாட்டு நடப்பைப் பற்றி வாதிட்டனர். மனைவிக்கும் பெற்றோருக்கும் எழுதிய மடல்களில் தாம் எதற்காகப் போரிடுகிறோம் என்பதை அவர்கள் மறைவின்றி எழுதினர். ஆய்வுக்குட்பட்டோருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், இரு பக்கத்தும், நாட்டுப்பற்றையே தம் நோக்கமாகக் குறித்திருந்தனர் என மெக்பெர்சன் கண்டார்.

மெக்பெர்சனின் நூலில் நம் பொருளுக்கு மிக வேண்டிய ஒரு செய்தி உண்டு. அவர் ஆராய்ந்த தென்பகுதி வீரருள், அடிமை முறையைக் காப்பதற்காகப் போரிடுகிறோம் என்று வெளிப்படையாக எழுதியவர் நூற்றுக்கு 20 பேரே. எஞ்சிய 80 பேர் அடிமை முறையை வெறுத்தனரோ? இல்லை. அதனை எதிர்த்து எழுதியவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. அடிமை முறை அவர்களுக்குக் காற்றும் நீரும் போல இயல்பாகத் தோன்றியமையால், அதனைப் பற்றி எழுத வேண்டிய தேவையே எழவில்லை என்பது மெக்பெர்சனின் விளக்கம். ஆகவே பேசாமை என்பது மறுப்பின் அடையாளம் என்று உடனே முடிவு கட்டலாகாது. முழுமையான உடன்பாடும் பேசாதிருக்கும். இதனை நினைவில் இருத்திக்கொண்டு வடபகுதிக்கு வருவோம். அங்கே பேசாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது.

3. விடுதலைப் பிரகடனமும் பாசறையின் முறுமுறுப்பும்

1862 செப்டம்பர் 22இல் லிங்கன் முன்னறிவித்து, 1863 ஜனவரி முதல் நாள் நடைமுறைப்படுத்திய விடுதலைப் பிரகடனம், படையினர் அனைவரும் வரவேற்ற ஒன்றன்று. கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகளை விடுவிப்பது கடவுளின் நீதி என்று மகிழ்ந்தவர் இருந்தனர். நாட்டின் ஒற்றுமைக்காகவே வந்தோம். கறுப்பினத்தவரின் விடுதலைக்காக அன்று என்று சினந்தவரும் இருந்தனர். அடிமைகளின் உழைப்பே எதிரியின் பலம், அதனைப் பறிப்பது போர்த்தந்திரம் என்ற அளவில் ஏற்றுக்கொண்டவர் இவ்விரு சாராருக்கும் இடையில் இருந்தனர்.

இம்முறுமுறுப்பை அரசு எவ்வாறு எதிர்கொண்டது என்பதே ஒயிட்டின் ஆய்வின் நடுப்பொருள். வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைத்துறை நீதிமன்றங்களின் வழக்கேடுகளை அவர் தேடிப் படித்தார். குடியரசுத் தலைவரையோ காங்கிரசையோ அவமதித்துப் பேசும் படையினரைத் தண்டிக்க, படைச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு இடமளித்தது. 1806இல் இயற்றப்பட்ட அச்சட்டம், ஒரு குடிமகன் தெருமுனையில் தடையின்றிப் பேசக்கூடிய பேச்சைச் சீருடை அணிந்தவனுக்குக் குற்றமாக்கியது. குடியரசுத் தலைவரே ஒரு கட்சியின் வேட்பாளராகவும் நிற்கும் தேர்தல் ஆண்டில், அவரைக் கண்டிப்பது அரசியல் கருத்தா, படைக் குற்றமா என்று பிரித்தறிவது அரிதாயிற்று.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சுட்டுவோம். 1862 செப்டம்பரில், ஆன்டீட்டம் போரில் எதிரியின் படை முற்றிலும் முறியடிக்கப்படாதது ஏன் என்று ஒருவர் கேட்க, அஃது எங்கள் ஆட்டமன்று என்ற பொருள்பட மேஜர் ஜான் கீ என்பவர் விடை கூறினார். இரு தரப்பும் களைத்துப் போகும்வரை போரை இழுத்து, அடிமை முறைக்கு ஊறு நேராதபடி சமரசம் காண்பதே நோக்கம் என்பது அவர் கூற்றின் கருத்து. லிங்கன் அவரைத் தம் முன் வரவழைத்து விசாரித்து உடனே படையினின்று நீக்கினார். அவ்வாண்டிலேயே அந்த மேஜரின் மகன் போரில் உயிர்துறந்தான். லிங்கன் அத்தந்தைக்கு ஆறுதல் கூறி எழுதினார். ஆனால் நீக்க ஆணையைத் திரும்பப் பெறவில்லை. படையில் ஒரு சாரார் வெற்றி பெறக்கூடிய இடத்திலும் வெல்லாதிருக்கத் திட்டமிடுகின்றனர் என்ற ஐயம் தமக்கு இருந்ததெனவும், அவரை நீக்கியது அதற்கு ஓர் எச்சரிக்கை எனவும் விளக்கினார். இரக்கமும் கண்டிப்பும் ஒரே மடலில் அமைந்தன.

இரண்டாவது, 1863 மார்ச்சில் நடந்தது. நியூஹாம்ப்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த இளம் அதிகாரி ஒருவர், தம் மாநிலத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வாக்குச்சீட்டுகளை மக்களுக்கு வழங்கினார் என்பதற்காகப் படையினின்று நீக்கப்பட்டார். முதலாமவர் பேசியது போரின் நடத்தையைப் பற்றியது. அதனைத் தண்டித்ததற்கு நியாயம் கூறலாம். இரண்டாமவர் செய்தது, எதிர்க்கட்சி இயங்கும் எந்த நாட்டிலும் குடிமகனின் உரிமையாகும். இவ்விரண்டும் ஒரே தண்டனையைப் பெற்றபோது, மற்ற அதிகாரிகள் என்ன கற்றுக்கொண்டிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று.

4. வாக்களிப்பு நடந்த முறை

1864ஆம் ஆண்டுத் தேர்தலில் மறைவான வாக்களிப்பு இல்லை. அரசு அச்சிடும் பொதுவான வாக்குச்சீட்டும் மறைவு முறையும் அமெரிக்காவில் 1888க்குப் பின்னரே பரவின. அக்காலத்தில் ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அச்சிட்டு வழங்கியது. எவன் எந்தச் சீட்டைக் கையிலெடுத்தான் என்பது அருகில் நின்றவர்க்குத் தெரியும். ஊரில் அருகில் நிற்பவர் அயலார், பாசறையிலோ மேலதிகாரி. விடுப்பும், பதவி உயர்வும், கடுமையான காவற்பணியும் அவர் கையில் இருந்தன.

நியூயார்க் மாநிலம் வேறொரு முறையைக் கையாண்டது. வீரன் தன் சீட்டை உறையிலிட்டு முத்திரையிட்டு ஊரிலுள்ள நண்பருக்கு அனுப்ப, அவர் அதனை வாக்குச்சாவடியில் சேர்ப்பித்தார். இதனால் அம்மாநிலத்துப் படைவீரர் வாக்குகள் தனியாக எண்ணப்படவில்லை. வீரர் பெயரால் போலிச் சீட்டுகளைத் தயாரித்ததாக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த மாநில முகவர் சிலர் 1864 அக்டோபரில் கைது செய்யப்பட்டுப் படைத்துறை ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டனர். ஏமாற்று ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததாக எண்ணுவதற்கில்லை.

அரசும் வாளாவிருக்கவில்லை. போர்த்துறையின் துணைச் செயலராக இருந்த சார்லஸ் டேனா, அத்துறையின் ஆற்றலும் செல்வாக்கும் லிங்கனின் மறுதேர்வுக்காகப் பயன்படுத்தப்பட்டதைப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் ஒளிவின்றி எழுதினார். பாசறையில் வாக்களிக்க இயலாத இண்டியானா வீரரை, இடருக்கு இடமின்றி எத்துணைப் பேரை அனுப்ப இயலுமோ அத்துணைப் பேரை, மாநிலத் தேர்தலுக்காக ஊருக்கு அனுப்புமாறு 1864 செப்டம்பர் 19இல் லிங்கன் தளபதி ஷெர்மனுக்கு எழுதினார். அஃது ஆணையன்று, வேண்டுகோளே என்று அவர் தெளிவுபடுத்தியது அவரது நேர்மைக்குச் சான்று. எனினும் நாட்டின் தலைவர் விடுக்கும் வேண்டுகோளுக்குத் தளபதியின் செவியில் எத்தகைய எடை இருக்கும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

5. ஒயிட் கண்ட முடிவு

மேற்கூறிய சான்றுகளைக் கொண்டு, நூற்றுக்கு 78 என்னும் எண் படையின் உள்ளத்தை அளக்கும் கோலாகாது என்று ஒயிட் முடிவு செய்கிறார். அவர் தரும் காரணங்கள் மூன்றாகத் தொகுக்கத்தக்கவை. முதலாவது, ஜனநாயகக் கட்சிச் சார்புடைய வீரருள் பலர் அச்சத்தாலோ வெறுப்பாலோ வாக்களிக்கவேயில்லை. எண்ணிக்கையில் அவர்கள் இடம்பெறவில்லை. இரண்டாவது, விடுதலைக் கொள்கையை ஏற்க மனமில்லாதோர் பலர் முன்னரே படையைவிட்டு நீங்கியிருந்தனர். 1861இல் மூன்றாண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்ந்தோருள் ஏறத்தாழ 1,36,000 பேர் மீண்டும் கையொப்பமிட்டனர். இலட்சம் பேரளவில் வீடு திரும்பினர். ஆகவே 1864இல் வாக்களித்த படை, 1862இல் முறுமுறுத்த அதே படையன்று. மூன்றாவது, லிங்கனுக்கு வாக்களித்தோருள் பலர் அவர் கொள்கைக்காக வாக்களிக்கவில்லை. எதிர்க்கட்சியின் அறிக்கையை வெறுத்தே வாக்களித்தனர். 1864 ஆகஸ்டு இறுதியில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி, போர் தோல்வியுற்றதென அறிவித்துச் சமாதானம் கோரியது. தோழரைப் புதைத்த மண்ணில் நிற்பவனுக்கு அச்சொல் பொறுக்கக்கூடியதன்று. மெக்ளெல்லன் ஒரு காலத்தில் வீரரின் அன்பைப் பெற்ற தளபதி. அவர் அச்சமாதானக் கோரிக்கையைத் தம் ஏற்பு மடலில் ஒதுக்கியபோதும் அக்கறை அவரைவிட்டு நீங்கவில்லை.

இம்முடிவை நாமும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். பாசறையின் அழுத்தம் அத்துணைக் கடுமையாயிருந்தால், 34,000 பேர் வெளிப்படையாக மெக்ளெல்லனின் சீட்டை எடுத்தது எங்ஙனம்? ஆகவே அச்சம் எங்கும் ஒரே அளவாக இருந்ததில்லை எனலாம். தணிக்கையற்ற கடிதங்களில் பலர் அடிமை முறையின் கொடுமையைத் தென்பகுதியில் நேரிற்கண்டு மனம் மாறியதை எழுதியுள்ளனர். 2007இல் வெளியான சாண்ட்ரா மேனிங்கின் நூல் இம்மனமாற்றத்தை வலியுறுத்துகிறது. 2011இல் கேரி கல்லகர் எழுதிய நூலோ, நாட்டின் ஒற்றுமையே பெரும்பாலோரின் நோக்கம் என வாதிடுகிறது. அன்றியும், படைவீரர் வாக்கு இன்றியே லிங்கன் வென்றிருப்பார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. நாடு முழுவதிலும் அவர் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அதிகம் பெற்றார். ஆதலால் ஒயிட்டின் ஆய்வு லிங்கனின் வெற்றியைக் கேள்விக்குள்ளாக்கவில்லை. அவ்வெற்றியைக் கொண்டு படைவீரரின் உள்ளத்தைப் பற்றி நாம் விரைந்து கட்டிய முடிவையே அது கேள்விக்குள்ளாக்குகிறது.

லிங்கனுக்கும் நீதி செய்தல் வேண்டும். 1864 ஆகஸ்டு 23இல் தாம் தோற்கக்கூடும் என்று எண்ணிய அவர், தோற்றாலும் புதிய தலைவரோடு ஒத்துழைத்து நாட்டைக் காக்க முயல்வதாக ஒரு தாளில் எழுதி, அதை மடித்து, உள்ளிருப்பதைக் காட்டாமலே அமைச்சரைக் கையொப்பமிடச் செய்தார். தேர்தலைத் தள்ளிவைக்க அவர் முயலவில்லை. தேர்தலை விட்டுவிட்டால் கிளர்ச்சியாளர் ஏற்கெனவே வென்றவராவர் என்பதே வெற்றிக்குப் பின் அவர் ஆற்றிய உரையின் கருத்து. போர்க்காலத்தில் தம் பதவியை மக்கள் கையில் ஒப்புவித்த அதே மனிதரின் ஆட்சியில், மாற்றுக் கருத்துடைய வீரன் வாயடைத்துப் போனான். இவ்விரண்டும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

6. வாக்கின்றிப் போரிட்டோர்

இவ்வாதங்களிலெல்லாம் ஒரு சாராரின் குரல் கேட்கப்படவில்லை. வடபகுதித் தரைப்படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர் பணியாற்றினர். புதிய இங்கிலாந்துப் பகுதியின் ஐந்து மாநிலங்கள் நீங்கலாக, மற்ற இடங்களில் அவர்களுக்கு வாக்குரிமை பெரும்பாலும் இல்லை. நூற்றுக்கு 78 என்னும் கணக்கினுள் அவர்கள் வருவதில்லை. ஆயினும் அவர்களும் தம் கருத்தைத் தெரிவித்தனர். வாக்குச்சீட்டால் அன்று, சம்பளத்தை மறுத்ததால்.

வெள்ளை வீரனுக்குத் திங்களுக்கு 13 டாலரும் உடைப்படியும் கிடைத்தன. கறுப்பின வீரனுக்கு 10 டாலர். அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். 1863 ஜூலையில் வாக்னர் கோட்டையின் முன் குருதி சிந்திய மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர், குறைந்த ஊதியத்தைத் தொடவே மறுத்துப் பதினெட்டுத் திங்கள் சம்பளமின்றிப் பணியாற்றினர். ஊரில் அவர்தம் மனைவி மக்கள் வறுமையில் வாடினர். தென் கரோலினாவின் மூன்றாம் படைப்பிரிவைச் சேர்ந்த சார்ஜண்ட் வில்லியம் வாக்கர் என்பவர், சம ஊதியம் கேட்டுத் தம் தோழரோடு ஆயுதங்களைக் கீழே வைத்ததற்காகக் கலகக்காரர் எனத் தீர்ப்பிடப்பட்டு, 1864 பிப்ரவரி 29இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1864 ஜூனில் காங்கிரசு ஊதியத்தைச் சமமாக்கியது. ஆனால் போரின் தொடக்கத்தில், அதாவது 1861 ஏப்ரல் 19இல், சுதந்திரராயிருந்தோருக்கு மட்டுமே படையிற் சேர்ந்த நாள்முதலான நிலுவை கிடைக்கும் என்று வரையறுத்தது. 54ஆம் படைப்பிரிவில் முன்னாள் அடிமைகளும் இருந்தனர். அதன் தலைவர் கர்னல் ஹாலோவெல், குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஓர் உறுதிமொழியை வகுத்தார். அந்நாளில் எந்த மனிதனுக்கும் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டிருக்கவில்லை என்று ஒவ்வொருவரும் ஆணையிட வேண்டும் என்பதே அது. மனிதர் சட்டத்தின்படி அடிமையாயிருந்தவனும் கடவுள் முன்னிலையில் அவ்வாறு கடமைப்பட்டவன் அல்லன் ஆதலின், முன்னாள் அடிமைகளும் மனச்சான்று குத்தாமல் ஆணையிட்டனர்.

1865 ஏப்ரல் 11இல் ஆற்றிய தம் கடைசிப் பொதுவுரையில், போரிற் பணியாற்றிய கறுப்பினத்தவர்க்கேனும் வாக்குரிமை வழங்கப்படுவதைத் தாம் விரும்புவதாக லிங்கன் கூறினார். நான்கு நாட்களில் அவர் மறைந்தார். இன வேறுபாட்டால் வாக்குரிமையை மறுத்தலாகாது என்னும் 15ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1870இல் நிறைவேறியது. அதன் பின்னரும் தென் மாநிலங்களில் அவ்வுரிமை பல்லாண்டுகள் ஏட்டளவிலேயே இருந்தது.

7. திருச்சபைகளின் நிலை

உள்நாட்டுப் போரின் படைகளே அமெரிக்க வரலாற்றில் மிகுந்த சமயப்பற்றுடைய படைகள் எனலாம் என்பது மெக்பெர்சனின் கணிப்பு. 1861 நவம்பரில் அமைந்த கிறிஸ்தவ ஆணையம் வடபகுதிப் பாசறைகளுக்கு வேதாகமங்களையும் துண்டுப்பிரசுரங்களையும் மருந்தையும் ஆடையையும் எடுத்துச் சென்றது. 1863, 1864ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் இரு தரப்புப் படைகளிலும் எழுப்புதல் கூட்டங்கள் நடந்தன. ஆனால் அடிமை முறையை முன்னிட்டு மெதடிஸ்டுகள் 1844இலும், பாப்திஸ்டுகள் 1845இலும் பிளவுபட்டிருந்தனர். நாடு பிளவுபடுவதற்கு முன்பே திருச்சபை பிளவுபட்டது. 1860 நவம்பரில் நியூ ஆர்லியன்சின் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் நன்றியறிதல் நாளன்று பேசிய பெஞ்சமின் பால்மர், அடிமை முறையைக் காப்பது தெய்வம் ஒப்புவித்த கடமை என்றார். 1864 தேர்தலுக்கு முந்திய நாட்களில் மெதடிஸ்டுப் பேராயர் மத்தேயு சிம்சன் நியூயார்க்கில் திரண்ட கூட்டத்தின் முன் நாட்டுப்பற்றைத் தூண்டிப் பேசினார். பிரசங்க பீடங்கள் இரண்டும் ஐயமின்றி முழங்கின.

இவ்விரண்டிலும் ஒலிக்காத தொனி ஒன்று 1865 மார்ச்சு 4இல் ஒலித்தது. இரு தரப்பாரும் ஒரே வேதத்தை வாசித்து, ஒரே கடவுளிடம் மன்றாடினர். இருவரின் வேண்டுதலும் முழுமையாக நிறைவேறவில்லை. கடவுளின் நோக்கம் அவருடையதே என்ற கருத்தில் லிங்கன் இரண்டாம் பதவியேற்புரையை ஆற்றினார். படைவீரர் வாக்கில் பெருவெற்றி பெற்றவர், அவ்வெற்றியைக் கடவுளின் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிமை முறையின் குற்றத்தில் வடபகுதிக்கும் பங்குண்டு என்று அவர் கூறியது, வென்ற தரப்பின் திருச்சபைகள் செவிகொடுத்துக் கேட்க வேண்டிய சொல்லாயிருந்தது.

8. நம் சிந்தனைக்கு

நம் சேகரக் குழுக்களின் நடவடிக்கைக் குறிப்பேடுகளைப் புரட்டுவோர், ஏகமனதாக நிறைவேறியது என்னும் சொற்றொடரைப் பக்கந்தோறும் காண்பர். பிற்காலத்தில் நம் திருச்சபை வரலாற்றை எழுதப்போகிறவனும் அதனைக் காண்பான். அவன் அச்சொல்லை நம்ப வேண்டுமா? தலைமை வகித்தவர் யார், மறுத்துப் பேசியவனுக்கு என்ன நேர்ந்தது, பேசாதிருந்தவர் உடன்பட்டு அமைந்தனரா, அஞ்சி அடங்கினரா, வாக்குரிமையின்றி வெளியில் நின்றவர் எத்தனை பேர் என்று அவன் கேட்க வேண்டும். தென்பகுதி வீரரின் பேசாமை உடன்பாட்டால் விளைந்தது. வடபகுதியில் ஒரு சாராரின் பேசாமை அச்சத்தால் விளைந்தது. ஏட்டில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். பேசுவதற்கு அவ்விடத்தில் உரிமை இருந்ததா என்று கேட்ட பின்னரே அவற்றைப் பிரித்தறிய முடியும்.

திருமறையில் ஆகாப் மன்னனின் அவையில் நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாக்காகப் பேசியதை நாம் அறிவோம். மிகாயாவை அழைக்கச் சென்ற தூதன், நீரும் அவர்களைப் போலவே நன்மையாகப் பேசும் என்று வழியிலேயே அவனுக்கு அறிவுரை கூறினான். அத்தூதன் கொடியவன் அல்லன். ஒற்றுமையைக் காக்க நினைத்தவன். நானூறு என்ற எண்ணை மட்டும் ஏட்டிற் பதிந்திருந்தால், அது மாபெரும் ஒருமைப்பாட்டின் சாட்சியாக நமக்கு வந்து சேர்ந்திருக்கும். அத்தூதனின் சொல்லையும், மிகாயா சிறைக்கு அனுப்பப்பட்டதையும் திருமறை ஆசிரியர் மறைக்காமல் எழுதியதால், அந்நானூறு பேரின் குரலை நாம் சரியாக எடைபோட முடிகிறது.

லிங்கன் காக்க முயன்ற காரியம் நீதியானதே. நீதியான காரியத்துக்கும் மிரட்டிப் பெற்ற ஒப்புதல் பெருமை சேர்ப்பதில்லை. அதனை உளமார ஏற்ற பல்லாயிரம் பேரின் சாட்சியையும் அது ஐயத்துக்குள்ளாக்கிவிடுகிறது. அடிமைகளின் கண்ணீரைக் கண்டு மனம் மாறி வாக்களித்த ஓர் உழவனின் வாக்கையும், கர்னலின் பார்வைக்கு அஞ்சிச் சீட்டெடுத்தவனின் வாக்கையும் இன்று நம்மால் வேறு பிரித்து எண்ண முடியவில்லை. நம் சபைகளில் நல்ல தீர்மானங்களைக் கொண்டுவரும் ஆயர்கள் இந்த இழப்பை எண்ணிப் பார்த்து, மறுத்துப் பேசுவோனுக்கும் இருக்கை இட்டு, அவன் சொல்லையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பார்களாக.